புகை யார் வீட்டுக்குப் போகிறது?

1. நோட்டில் இருந்த வரி

நான் பெங்களூரில் வசிக்கிறேன். எங்கள் காம்பவுண்டுக்குள் எட்டு வீடுகள் இருக்கின்றன. எல்லாம் ஒன்றோடு ஒன்று ஒட்டிய ஓட்டு வீடுகள். நடுவில் ஒரு முற்றம். முற்றத்தில் ஒரு புங்க மரமும் ஒரு மாமரமும் உண்டு. தமிழ் பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள் எல்லோரும் இங்கே சேர்ந்து வாழ்கிறோம்.

மாலை 7 மணிக்கு முற்றத்து விளக்கின் கீழ் தமிழ்ப் படிப்பு நடக்கும். நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். படிக்க வருகிறவர்கள் எல்லோரும் என்னைவிட வயதில் பெரியவர்கள். ஆனாலும் என்னை ‘டீச்சர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

தை பிறந்தால் புங்க மரம் இலை கொட்டத் தொடங்கும். முற்றம் முழுவதும் சருகாகிவிடும். தினமும் மாலை 6 மணிக்கு நான் பெருக்குவேன். சருகைக் குவிப்பேன். சீக்கிரம் பற்றிக்கொள்ளட்டும் என்று இரண்டு பால் கவரை அடியில் வைப்பேன். தீக்குச்சியைக் கிழித்துப் போடுவேன். பிறகு வீட்டுக்குள் போய்விடுவேன். பத்து நிமிட வேலை என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் படிப்பில் இப்படிச் சொன்னேன்: “இன்று புத்தகத்தைப் பார்த்து எழுத வேண்டாம். உங்கள் மனதில் இருப்பதை எழுதுங்கள். ஒரு வரி போதும்.”

கடைசி வீட்டு அக்கா அன்று வந்திருந்தார். அவர் கட்டிட வேலைக்குப் போகிறவர். அவருக்கு எட்டு மாதக் கைக்குழந்தை இருக்கிறது. மூன்று வாரமாக அவர் சரியாகப் படிப்புக்கு வரவில்லை. அன்று வெகுநேரம் குனிந்து எழுதினார். பிறகு நோட்டை என்னிடம் நீட்டினார். அதில் இரண்டு வரிகள் இருந்தன.

“தினமும் பொகை வருது. பிள்ளைக்கு மூச்சு முட்டுது.”

‘புகை’ என்பதை அவர் ‘பொகை’ என்று எழுதியிருந்தார். திருத்துவதற்காகச் சிவப்புப் பேனாவை எடுத்தேன். கை அப்படியே நின்றுவிட்டது. அவர் எழுதியது என் புகையைப் பற்றித்தான்.

“ஏன் அக்கா என்னிடம் சொல்லவில்லை?” என்று கேட்டேன்.

“எப்படிச் சொல்வது டீச்சர்? நீங்கள் எங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். உங்களிடம் வந்து சண்டை போட முடியுமா? மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். மூன்று நாள் கூலியும் போயிற்று. ஜன்னலைச் சாத்தினாலும் ஓட்டுச் சந்து வழியாகப் புகை வந்துவிடுகிறது.”

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரிடம் கேட்டாராம்: “வீட்டில் விறகு அடுப்பா? யாராவது பீடி பிடிக்கிறார்களா?” இரண்டும் இல்லை என்று அக்கா சொன்னாராம். “அப்படியானால் புகை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்” என்று டாக்டர் சொல்லி அனுப்பினாராம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மறுநாள் எல்லோரும் கூடிப் பேசினோம். அந்தப் பேச்சில் தெரிந்துகொண்டதையும், பிறகு நாங்கள் செய்ததையும் இங்கே எழுதுகிறேன்.

2. ஊதுபத்தி காட்டிய வழி

எங்கள் காம்பவுண்டில் ஒரு தாத்தா இருக்கிறார். பல வருடம் தோட்ட வேலை செய்தவர். அவர் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி வரச் சொன்னார். நான் சருகு கொளுத்தும் இடத்தில் அதை நட்டு வைத்தார். மணி மாலை 6.

புகை நேராக மேலே போகவில்லை. கொஞ்சம் எழும்பியது. பிறகு சாய்ந்தது. மெதுவாக முற்றத்தைக் கடந்து கடைசி வீட்டு ஜன்னலை நோக்கிப் போயிற்று.

“ஒரு ஊதுபத்திக்கே இப்படி. ஒரு கூடை சருகுக்கு எப்படி இருக்கும்?” என்று தாத்தா கேட்டார். யாரும் பேசவில்லை.

மாலையில் புகை ஏன் மேலே போவதில்லை? பகலில் வெயில் தரையைச் சூடாக்குகிறது. சூடான காற்று மேலே எழும்பும். புகையையும் தூக்கிக்கொண்டு போகும். பனிக்காலத்தில் பொழுது சாய்ந்ததும் தரை குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிவிடுகிறது. கனமான காற்று எழும்பாது. அதனால் புகை வீடுகளுக்கு நடுவிலேயே தங்கிவிடுகிறது. அதிகாலையிலும் இதே கதைதான்.

3. புகையில் என்ன இருக்கிறது?

புகையில் மிக நுண்ணிய தூசி இருக்கிறது. நம் தலைமுடியின் பருமனில் முப்பதில் ஒரு பங்குதான் அதன் அளவு. சில தூசி அதைவிடவும் சிறியது. மூக்கில் உள்ள முடி பெரிய தூசியைத் தடுக்கும். இந்தச் சின்னத் தூசியைத் தடுக்க முடியாது. அது நுரையீரலின் அடிவரை போய்விடும்.

புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுக் காற்றும் உண்டு. அதற்கு நிறம் இல்லை. வாசனையும் இல்லை.

ஈரச் சருகு கொழுந்துவிட்டு எரியாது. புகைந்துகொண்டே இருக்கும். அதனால் புகை அதிகம். மேலே காய்ந்திருக்கும் சருகுக் குவியல் அடியில் ஈரமாக இருக்கலாம். நான் பத்து நிமிட வேலை என்று நினைத்தேன். உள்ளே கனன்ற குவியல் இரவு வரை புகைந்திருக்கிறது.

பிளாஸ்டிக்கை எரித்தால் கெடுதல் இன்னும் அதிகம். பால் கவர், பழைய பைப், வயர், ரெக்சின் பை, ரப்பர் செருப்பு, டயர் எதையும் எரிக்கக் கூடாது. சில வகை பிளாஸ்டிக் எரியும்போது டையாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டாகிறது. பெயின்ட் அடித்த மரத்தையும் பிளைவுட்டையும்கூட எரிக்கக் கூடாது. அரளிக் கிளையை எரிக்கவே கூடாது. அதன் புகையிலும் நஞ்சு உண்டு.

புகை எல்லோருக்கும் கெடுதல். ஆனால் சிலருக்கு அது உடனே ஆபத்தாகிவிடும். கைக்குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், இதய நோய் உள்ளவர்கள் அவர்கள். பெரியவர்கள் சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். கைக்குழந்தை 30 முதல் 50 தடவை மூச்சு விடும். அதன் மூச்சுக் குழாயோ மிகச் சிறியது. அதனால் நமக்கு வெறும் கண் எரிச்சலைத் தரும் புகை, குழந்தைக்கு மூச்சுத் திணறலைத் தருகிறது.

4. சட்டம் என்ன சொல்கிறது?

“என் வீட்டுக் குப்பையை என் வாசலில் எரிக்கிறேன். யார் கேட்பது?” என்று சிலர் சொல்வார்கள். நானும் அப்படி நினைத்தவள்தான்.

2016 ஆம் ஆண்டு மத்திய அரசு திடக்கழிவு மேலாண்மை விதிகளை வெளியிட்டது. தெருவிலோ பொது இடத்திலோ குப்பையைப் போடக் கூடாது, எரிக்கவும் கூடாது, புதைக்கவும் கூடாது என்று அந்த விதிகள் கூறின. அதே ஆண்டு டிசம்பர் மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஓர் உத்தரவு போட்டது. நாடு முழுவதும் திறந்த வெளியில் குப்பை எரிக்கத் தடை விதித்தது. மீறி எரித்தால் 5,000 ரூபாய் அபராதம். பெரிய அளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம்.

இந்தத் தொல்லை எங்கள் காம்பவுண்டில் மட்டும் இல்லை. டெல்லியில் கடுங்குளிரில் காவலாளிகள் கையில் கிடைத்ததைக் கொளுத்திக் குளிர் காய்கிறார்கள். பஞ்சாபில் லோரிக்கும், வட மாநிலங்களில் ஹோலிக்கும் தெருவில் தீ மூட்டுகிறார்கள். நம்மவர்கள் போகியன்று பழைய பாயைக் கொளுத்துகிறோம். அதோடு டயரையும் சேர்த்துப் போடுகிறவர்கள் உண்டு. பண்டிகை நமக்கு வேண்டும். டயர் புகை யாருக்கும் வேண்டாம்.

5. சருகை என்ன செய்வது?

“கொளுத்தாவிட்டால் இவ்வளவு சருகையும் எங்கே போடுவது?” என்று நான் கேட்டேன்.

“மரம் தந்ததை மண்ணுக்கே கொடு” என்றார் தாத்தா. அவர் சொன்னபடி செய்தோம். நீங்களும் செய்யலாம்.

முற்றத்து மூலையில் 3 அடி நீளம், 3 அடி அகலம், 2 அடி ஆழத்தில் ஒரு குழி வெட்டுங்கள். அடியில் கொஞ்சம் சுள்ளி போடுங்கள். அதன்மேல் அரை அடி உயரத்துக்குச் சருகு போடுங்கள். அதன்மேல் காய்கறித் தோலைப் பரப்புங்கள். சாணியைத் தண்ணீரில் கரைத்துத் தெளியுங்கள். சாணி கிடைக்காவிட்டால் புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளிக்கலாம். மேலே ஒரு கை மண் தூவுங்கள். இப்படியே அடுக்கு அடுக்காகப் போடுங்கள்.

பிழிந்த துணி எவ்வளவு ஈரமாக இருக்குமோ அவ்வளவு ஈரம் இருந்தால் போதும். தண்ணீர் தேங்கினால் நாற்றம் வரும். நாற்றம் வந்தால் காய்ந்த சருகை இன்னும் கொஞ்சம் போட்டுக் கிளறிவிடுங்கள். 15 நாளுக்கு ஒரு தடவை மேல் கீழாகப் புரட்டுங்கள். மூன்று, நான்கு மாதத்தில் சருகு கறுப்பாகி உதிரும். மழை பெய்த மண் போல வாசனை வரும். அதுதான் எரு.

குழி வெட்ட இடம் இல்லையா? சருகைச் சாக்கில் போட்டுக் கட்டி வைக்கலாம். செடிகளின் அடியில் பரப்பலாம். மண்ணில் ஈரம் காயாமல் இருக்கும். மீதியைக் குப்பை வண்டி வரும்போது தனியாகக் கொடுக்கலாம். பால் கவரைக் கழுவிக் காயவைத்துக் காய்ந்த குப்பையோடு கொடுக்கலாம்.

6. தீ தேவைப்படும்போது

சில வேலைகளுக்கு வெளியில் தீ மூட்ட வேண்டியிருக்கிறது. எங்கள் காம்பவுண்டில் நான்கு வீடுகளுக்கு முற்றத்து அடுப்பில்தான் வெந்நீர். விசேஷம் என்றால் பெரிய அண்டாவில் வெளியில்தான் சமையல். அப்படிப்பட்ட தீயை எப்படி மூட்டுவது?

முதலில் இடம் பாருங்கள். வீட்டுச் சுவர், ஓலைக் கூரை, துணிக் கொடி, நிறுத்தி வைத்த வண்டி, கேஸ் சிலிண்டர் எல்லாவற்றையும் விட்டு 15 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். மேலே கரண்ட் கம்பி இருக்கக் கூடாது. மரத்தின் அடியில் தீ மூட்டக் கூடாது. பட்டை வெந்துபோனால் மரம் பட்டுப்போகும். இவ்வளவு இடம் இல்லாத தெருவில் தீ மூட்டாமல் இருப்பதுதான் நல்லது.

இரண்டாவது, காற்றுப் பாருங்கள். ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள். புகை யார் ஜன்னலுக்குப் போகிறது என்று தெரிந்துவிடும். பலமாகக் காற்று வீசினால் தீ மூட்டவே வேண்டாம்.

மூன்றாவது, நன்றாகக் காய்ந்த விறகை மட்டும் எரியுங்கள். வெள்ளையாகப் புகை கிளம்பினால் விறகில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். கறுப்பாகப் புகை வந்தால் ஆகாத பொருள் எரிகிறது என்று அர்த்தம். விறகைத் திணிக்காமல் காற்றுப் போக இடம் விட்டு அடுக்குங்கள். அண்டாவை மூடி வையுங்கள். தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். விறகும் மிஞ்சும், புகையும் குறையும்.

நான்காவது, எரியும் தீயில் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊற்றாதீர்கள். தீ பாய்ந்து கையைப் பிடித்துக்கொள்ளும்.

ஐந்தாவது, தீயை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீரும் ஒரு கூடை மண்ணும் இருக்கட்டும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

ஆறாவது, முழுவதும் அணையுங்கள். தண்ணீர் ஊற்றுங்கள், குச்சியால் கிளறுங்கள், மறுபடியும் ஊற்றுங்கள். புறங்கையைச் சாம்பலுக்கு மேலே காட்டிப் பாருங்கள். சூடு தெரியக் கூடாது. சாம்பலுக்குள் நெருப்பு பல மணி நேரம் ஒளிந்திருக்கும். அதைக் குழந்தைகள் தெரியாமல் மிதித்துவிடுவார்கள்.

துணியில் தீப்பிடித்தால் ஓடக் கூடாது. ஓடினால் தீ வளரும். தரையில் படுத்து உருள வேண்டும். தீப்புண் பட்ட இடத்தில் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரை விட வேண்டும். வளையல், மோதிரத்தை உடனே கழற்ற வேண்டும். பற்பசை, மை, எண்ணெய் எதையும் தடவக் கூடாது. தீயணைப்புக்கு 101, ஆம்புலன்சுக்கு 108, எந்த அவசரத்துக்கும் 112. இந்த எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

7. ஒரு வார்த்தை சொல்வோம், ஒரு வார்த்தை கேட்போம்

தீ மூட்டும் முன் பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். “அக்கா, நாளைக்குக் காலையில் அடுப்பு மூட்டப்போகிறோம். துணி காயப்போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். பிள்ளைக்கு உடம்பு எப்படி இருக்கிறது?” இதைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். பிள்ளைக்குச் சுகமில்லை என்றால் அன்று அடுப்பு வேண்டாம்.

புகையால் கஷ்டப்படுகிறவர்களும் வாய் திறந்து சொல்ல வேண்டும். திட்ட வேண்டியதில்லை. “அண்ணா, உங்கள் புகை எங்கள் வீட்டுக்குள் வருகிறது. அம்மாவுக்கு இளைப்பு வருகிறது. வேறு வழி செய்யலாமா?” என்று கேட்கலாம். தனியாகக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நாலு பேராகச் சேர்ந்து போகலாம். அப்படியும் கேட்கவில்லை என்றால் ஊராட்சியிலோ நகராட்சியிலோ மனுக் கொடுக்கலாம். மனு எழுத இப்போது நமக்குத் தெரியும்.

கேட்கிறவர்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. ஒருவர் வந்து சொன்னால் கோபப்படக் கூடாது. அவர் எத்தனை நாள் பொறுத்துக்கொண்டு இன்று வந்திருக்கிறார் என்று நினைத்துப் பார்க்க வேண்டும். நான் அந்த அக்காவை மூன்று வாரம் பொறுக்க வைத்தேன்.

8. இப்போது எங்கள் முற்றம்

இப்போது நாங்கள் சருகைக் கொளுத்துவதில்லை. மூலையில் எருக்குழி இருக்கிறது. வெந்நீர் அடுப்பைக் கடைசி வீட்டு ஜன்னலிலிருந்து எடுத்து, எதிர் மூலையில் வைத்துவிட்டோம். நான்கு வீட்டுக்கும் ஒரே அடுப்பு, ஒரே நேரம். குழந்தைக்கு இளைப்பு உள்ள நாளில் அடுப்பு மூட்டுவதில்லை. அன்று அவரவர் வீட்டு கேஸில் கொஞ்சமாகச் சுடவைத்துக்கொள்கிறோம்.

குழந்தையின் இளைப்பு முழுவதும் போய்விட்டது என்று சொல்ல முடியாது. சளி பிடித்தால் வருகிறது. ஆனால் மாலையில் அந்த வீட்டு ஜன்னல் திறந்திருக்கிறது. அக்கா தவறாமல் படிப்புக்கு வருகிறார். குழந்தை அவர் மடியில் தூங்குகிறது.

முதலில் என் தவறைத் திருத்திக்கொண்டேன். பிறகுதான் அவருடைய நோட்டில் ‘பொகை’ என்பதைப் ‘புகை’ என்று திருத்தினேன்.

கலந்து பேசுவோம்

1. உங்கள் தெருவில் எந்த நேரத்தில் புகை வருகிறது? எங்கிருந்து வருகிறது?
2. உங்கள் வீட்டுப் புகை யார் வீட்டுக்குப் போகிறது? ஊதுபத்தி கொளுத்திப் பாருங்கள்.
3. அந்த அக்கா மூன்று வாரம் ஏன் பேசவில்லை? நீங்கள் அவராக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?
4. உங்கள் தெருவில் எருக்குழி வெட்ட எங்கே இடம் இருக்கிறது?

எழுதிப் பார்ப்போம்

1. சருகை எரிக்க வேண்டாம். எரு ஆக்கலாம்.
2. தீ மூட்டும் முன் பக்கத்து வீட்டில் சொல்வேன்.
3. தீயணைப்பு 101. ஆம்புலன்ஸ் 108. அவசரம் 112.
4. உங்கள் மனதில் உள்ள ஒரு குறையை நீங்களே ஒரு வரியில் எழுதுங்கள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் படித்துக் காட்டுங்கள்.